பாஞ்சாலிக்குத் தெரிந்த ஹர்கிதா

ஆடுகோடி மெயின் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பி, லேத் பட்டறைகளைத் தாண்டிப் போனால் வருகிற சந்தில் குடியிருக்கும் பாஞ்சாலி மைசூர் அரண்மனையைப் பார்த்ததில்லை. நந்தி மலை ஏறினதில்லை. லால்பாக்குக்கே மகள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனதால்தான் போனாள். ஆனால் ருமேனியா என்கிற தேசத்தில் ஹர்கிதா என்று ஒரு மாவட்டம் இருக்கிறதே, அது மட்டும் அவளுக்கு அத்துப்படி.

கோரமங்கலாவில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் அவளுக்கு ஹவுஸ்கீப்பிங் வேலை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கூட வேலை செய்கிற பெண்கள் டீ எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால் போதும், ஆரம்பித்துவிடுவாள். நாலு பக்கமும் மலையாம், மலை முழுக்க ஊசி இலை மரமாம். சிவப்பு ஏரி என்று ஒன்று. எந்தக் காலத்திலோ மலை சரிந்து ஆற்றை அடைத்துக்கொண்டதில் ஒரு காடே முழுகிப்போய், செத்த மரங்களின் கட்டை இன்றைக்கும் தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டு நிற்கிறதாம். இன்னொரு ஏரி எரிமலையின் வாய்க்குள்ளேயே இருக்கிறதாம். போர்செக் என்ற ஊரில் பூமியிலிருந்து சோடாத் தண்ணீர் தானாக வருகிறது. ஜனங்கள் கேனும் பாட்டிலுமாக வரிசையில் நின்று பிடிக்கிறார்கள். யாரும் யார் குடத்தையும் தள்ளி வைப்பதில்லை என்பதைப் பாஞ்சாலி அழுத்திச் சொல்லுவாள். கரடி தெருவுக்கு வந்து குப்பைத்தொட்டியைக் கிளறுகிறது. குளிர்காலத்தில் அந்த நாட்டிலேயே அதிகம் உறைகிற பக்கம் அதுதான். பேசுவது பெரும்பாலும் ஹங்கேரிப் பாஷை.

“ருமேனியான்றே, அப்புறம் ஹங்கேரி பாஷைன்றே?” என்று ஒருத்தி கேட்டாள்.

“ஏன், நாம பெங்களூர்ல உக்காந்துனு தமிழ் பேசல?” என்றாள் பாஞ்சாலி. அத்தோடு சந்தேகம் தீர்ந்தது.

பிழைப்பு என்று பார்த்தால் அங்கே மரம், உருளைக்கிழங்கு, பால், உப்பு, அப்புறம் ஊர் பார்க்க வருகிற ஜனம். அந்த ஊர் வாலிபப் பிள்ளைகள் ஜெர்மனிக்கும் ஹங்கேரிக்கும் கூலி வேலைக்குக் கிளம்பிவிட்டதால் விடுதிகளில் உருளைக்கிழங்கு உரிக்கக்கூட ஆளில்லை. அந்தக் கிழங்கை உரிக்கத்தான் பாஞ்சாலி பெற்ற மகன் சீனு போயிருந்தான். கேட்டரிங் படித்துவிட்டு கோரமங்கலாவில் ஒரு ஹோட்டலில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவன், ஏஜென்ட் சொன்னான் என்று விமானம் ஏறினான். ப்ராய்டு என்ற சின்ன ஊர். மக்தா என்கிற அம்மாள் நடத்தும் பத்து அறை விடுதி. ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆனால் வீடியோ காலில் வந்து, செல்லைக் கையில் பிடித்துக்கொண்டு ஊர் சுற்றிக் காட்டுவான். பாஞ்சாலி ஹர்கிதாவைப் பார்த்ததெல்லாம் அப்படித்தான், ஆடுகோடியில் கட்டிலில் உட்கார்ந்தபடி, வாயைப் பிளந்துகொண்டு.

கட்டிலின் மறு ஓரத்தில் அவள் புருஷன் கோவிந்தப்பா உட்கார்ந்திருப்பார். பார்க்கிறாரா, தூங்குகிறாரா என்று சொல்ல முடியாது. மூச்சு விடுவதே அவருக்கு முழுநேர வேலையாக இருந்தது.

இந்த மனுஷனைப் பற்றிச் சொல்லாமல் பாஞ்சாலியைப் பற்றிச் சொல்ல முடியாது, என்ன செய்வது. இரண்டு பேருமே கோலார் தங்கவயல் பிறப்பு. சாம்பியன் ரீஃப் சுரங்கத்தையொட்டித் தொழிலாளிகளுக்குக் கட்டின லைன் வீடுகளில் பிறந்து, லைன் வீட்டிலேயே கல்யாணம் கட்டிக்கொண்டவர்கள். வீட்டுச் சுவரில் புத்தர் படமும் அம்பேத்கர் படமும் பக்கத்துப் பக்கத்தில் மாட்டியிருக்கும். கோவிந்தப்பாவுக்குச் சுரங்கத்துக்குள் பாறை சரியாமல் மரம் கொடுத்து முட்டு நிறுத்துகிற வேலை. கெட்டிக்காரர் என்று பேர். கம்பெனிக்காரர்கள் அவரைத்தான் ஆழத்துக்கு அனுப்புவார்கள். ஆழத்தில் இருந்த கல்தூள் அத்தனையும் அவர் நெஞ்சில் போய்ப் படிந்தது அப்போது யாருக்கும் தெரியவில்லை.

இரண்டாயிரத்து ஒன்றில் சுரங்கத்தை மூடினார்கள். மகள் சங்கமித்ரா பள்ளிக்கூடத்தில், சீனு அப்போதுதான் ஸ்லேட்டு பிடிக்கக் கற்றுக்கொண்டிருந்தான். கெட்டிக்காரர்கள் அந்த வருஷமே மூட்டை கட்டிக்கொண்டு பெங்களூர் வந்தார்கள். பட்டறையில் சேர்ந்தவன் இன்றைக்குச் சொந்தப் பட்டறை வைத்திருக்கிறான், செக்யூரிட்டியில் சேர்ந்தவன் சூப்பர்வைசர் ஆகிவிட்டான். கோவிந்தப்பா மட்டும் அசையவில்லை. நாட்டுக்கே தங்கம் கொடுத்த சுரங்கத்தை எவன் ஒரேயடியாக மூடுவான், திறப்பார்கள், திறந்ததும் முட்டு நிறுத்தத் தெரிந்தவனைத்தான் முதலில் கூப்பிடுவார்கள் என்று உட்கார்ந்துவிட்டார். ஒவ்வொரு தேர்தலுக்கும் ஒருத்தன் மேடையேறித் திறப்போம் என்பான். இவர் அன்று ராத்திரி சந்தோஷமாக இரண்டு உருண்டை களி கூடத் தின்பார். தங்கவயல் ஜனங்களில் பாதிப் பேர் செய்த தப்புதான் அது. மற்ற ஊர்க்காரன் கதவு மூடினால் திரும்பிப் போய்விடுவான். இவர்களுக்கு மூடின கதவு முன்னால் பாய் விரித்துப் படுக்கத் தோன்றும்.

ஒன்பது வருஷம். அந்த ஒன்பது வருஷமும் யார் ரயிலேறினது? பாஞ்சாலி. விடியற்காலை மாரிக்குப்பம் ரயிலில் நின்றபடியே கன்டோன்மென்ட் வந்து, கக்கூஸ் கழுவி, சாயங்காலம் நின்றபடியே திரும்பிப் போய் உலை வைப்பாள். ரயிலில் கம்பியைப் பிடித்துக்கொண்டே தூங்கக் கற்றுக்கொண்டாள். கடைசியில், சீனு ஹைஸ்கூல் போன வருஷம், ஒருநாள் அண்டா குண்டானையெல்லாம் டெம்போவில் ஏற்றிவிட்டு, வருகிறாயா இல்லையா என்று கேட்டாள். வந்தார். ஆனால் வரவேண்டிய வயதில் வராமல் வந்தவருக்கு அபார்ட்மென்ட் வாசலில் வாட்ச்மேன் வேலைதான் கிடைத்தது. கொஞ்ச வருஷத்தில் அதுவும் முடியாமல் போனது. படி ஏறினால் இளைப்பு, பேசினால் இளைப்பு. நெஞ்சு ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், சுரங்கத்தில் வேலை பார்த்தீர்களா என்று முதல் கேள்வியிலேயே கேட்டுவிட்டார். கல்தூள் கரையாது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம், அவ்வளவுதான் என்றார்.

இப்படியிருக்க, போன வருஷம் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சீனு செல்லைப் பிடித்துக்கொண்டு ஒரு பஸ்ஸில் ஏறினான். பஸ் நேராக மலைக்குள்ளே புகுந்தது. இறங்கினால் உள்ளே ஒரு ஊர். ஆள் உயரத்துக்குப் பத்து மடங்கு கூரை, சுவரெல்லாம் சாம்பல் வரி ஓடிய உப்பு. அதற்குள்ளே ஒரு மாதா கோவில், பிள்ளைகள் சறுக்கி விளையாட இடம், காபிக்கடை. அங்கங்கே மேஜை போட்டு ஜனங்கள் ஸ்வெட்டரோடு சீட்டாடிக்கொண்டும் புத்தகம் படித்துக்கொண்டும் இருந்தார்கள். ப்ராய்டு உப்புச் சுரங்கம். அந்த ஊரின் சோறே அதுதான். ஜனங்கள் வேடிக்கை பார்க்க மட்டும் வரவில்லை, மூச்சு வாங்க வந்திருந்தார்கள். ஆஸ்துமாக்காரர்கள், இருமல்காரர்கள், குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தாய்மார்கள். தினமும் நாலு மணி நேரம், இரண்டு மூன்று வாரம் அந்த உப்புக் காற்றில் உட்கார்ந்தால் நெஞ்சு இளகுகிறதென்று காலகாலமாக அங்கே நம்பிக்கை.

அதுவரை கட்டில் ஓரத்தில் பொம்மை மாதிரி இருந்த கோவிந்தப்பா எழுந்து வந்து பாஞ்சாலி கையிலிருந்து செல்லை வாங்கினார்.

“மேல காட்டுடா. கூரையைக் காட்டு. முட்டு எங்க?”

முட்டே இல்லை, உப்பையே தூணாக விட்டு வெட்டியிருக்கிறார்கள் என்றான் சீனு. காற்று எப்படி வருகிறது, தண்ணீர் எந்தப் பக்கம் கசிகிறது, எத்தனை அடி ஆழம் என்று மனுஷன் கேட்டுக்கொண்டே போனார். நடுநடுவே மூச்சு முட்டி நிறுத்தி, மறுபடி கேட்டார். சீனுவுக்குப் பாதிக் கேள்விக்குப் பதில் தெரியவில்லை. பாஞ்சாலிக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. புருஷன் இத்தனை வார்த்தை சேர்ந்தாற்போல் பேசி எத்தனை காலம் ஆகிறது.

அடுத்த வாரம் மக்தாவே வீடியோவில் வந்தாள். சிவந்த முகம், குட்டை முடி, ஏப்ரன் கட்டின பாரியான அம்மாள். அவள் ஹங்கேரிப் பாஷையில் சொன்னதைச் சீனு தமிழில் சொன்னான். கோடை வந்ததும் அப்பாவை அழைத்து வா, கீழே படி ஏறத் தேவையில்லாத அறை ஒன்று தருகிறேன், மூன்று வாரம் சுரங்கத்தில் உட்காரட்டும், காசு பேச்சே வேண்டாம் என்றாளாம்.

அப்புறம் அந்த வீட்டில் நடந்ததெல்லாம் கூத்துதான். சந்தாபுராவில் கட்டிக்கொடுத்திருக்கும் சங்கமித்ரா லீவு போட்டுவிட்டு வந்து பாஸ்போர்ட்டுக்கு அப்பாவை அழைத்துப்போனாள். விசாவுக்கு என்னென்ன வேண்டும் என்று விசாரித்தாள். டாக்டரிடம் கேட்டார்கள். கல்தூள் எந்த உப்புக்கும் கரையப்போவதில்லை, ஆனால் சுத்தமான காற்றில் கொஞ்சம் ஆசுவாசம் கிடைத்தால் நல்லதுதானே, உடம்பு தாங்கினால் போய்வரட்டும் என்றார். இந்த வாக்கியத்தின் முதல் பாதியைக் கோவிந்தப்பா காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. தினமும் காலையில் சந்து முனை வரைக்கும் நடந்து பழகினார். அங்கே இஸ்திரி வண்டிக்காரரிடம், நான் மறுபடியும் சுரங்கத்துக்குள் இறங்கப்போகிறேன் என்றார். நெஞ்சைக் கெடுத்ததும் சுரங்கம், சரி பண்ணப்போவதும் சுரங்கம் என்று சொல்லிச் சொல்லி ஆச்சரியப்பட்டார். பாஞ்சாலி நம்பினாளா? அவள் எதையும் லேசில் நம்புகிறவள் இல்லை. ஆனால் கம்பளி ஸ்வெட்டர் ஒன்று வாங்கிப் பெட்டிக்குள் வைத்தாள்.

மே மாதம் ஹர்கிதாவில் மழை. சாதாரண மழை இல்லை. சுரங்கத்துக்கு மேலே ஓடுகிற ஓடை, படுகை பிய்த்துக்கொண்டு, உள்ளே இறங்கிவிட்டது. நல்லவேளை, ஆட்களை முன்கூட்டியே வெளியேற்றியிருந்தார்கள், ஒரு உயிருக்கும் சேதமில்லை. ஆனால் சுரங்கம் போயிற்று. மாதா கோவில், சறுக்குமரம், காபிக்கடை, மூச்சு வாங்க உட்கார்ந்த மேஜை நாற்காலி எல்லாம் தண்ணீருக்கடியில். சீனு அனுப்பின வீடியோவில் கலங்கல் தண்ணீர் ஒரு குழிக்குள் சுழன்று இறங்கிக்கொண்டே இருந்தது. ஊர் ஜனம் கரையில் கைகட்டி நின்று பார்த்துக்கொண்டிருந்தது. கோவிந்தப்பா அதைத் திரும்பத் திரும்பப் போடச்சொல்லிப் பார்த்தார்.

அப்புறம் அந்த ஊருக்கு யார் வருவார்கள்? ஒரே வாரத்தில் மக்தாவின் பத்து அறையும் காலி. முன்பதிவு செய்தவர்கள் போன் போட்டு வரவில்லை என்றார்கள். சமையற்காரியை அனுப்பினாள், அறை கூட்டுகிறவளை அனுப்பினாள். ஜூலையில் சீனுவையும் உட்காரவைத்து, சம்பளம் கொடுக்க என்னால் ஆகாது என்று சொல்லிவிட்டாள். ஆனால் நல்ல மனுஷி, தெருவில் விடவில்லை. பக்கத்து மாவட்டம் பிரஷோவ். கோட்டையும் பழைய அரண்மனையும் பார்க்க ஜனம் குவிகிற இடம். அங்கே அவளுடைய சித்தி மகன் ஹோட்டலில் சமையலறைக்கு ஆள் வேண்டும், ஆகஸ்ட் கடைசி வரை உனக்காக வைத்திருப்பான், காகிதமெல்லாம் அவனே மாற்றித் தருவான், கிளம்பு என்றாள். சீனுவின் வேலை அனுமதி மக்தாவின் விடுதியை நம்பித்தான் இருந்தது. குறித்த காலத்துக்குள் வேறு முதலாளி கிடைக்காவிட்டால் நாட்டை விட்டே கிளம்ப வேண்டியதுதான். மறுபடி கோரமங்கலா, மறுபடி வெங்காயம். மக்தாவிடம் இப்போதுதான் கிழங்கு உரிப்பதிலிருந்து அடுப்புப் பக்கம் ஏறியிருந்தான்.

சீனு கிளம்பவில்லை.

கேட்டால், வசந்த காலத்துக்குள் வேறு பக்கமாகச் சுரங்கம் திறப்பார்கள் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்களாம். திறந்தால் அப்பாவை யார் அழைத்துக்கொள்வது, கீழ் அறை அப்படியே இருக்கிறது, நான் இருந்தால்தானே நடக்கும் என்றான். இந்தப் பேச்சைப் பாஞ்சாலி இதற்கு முன்னால் கேட்டிருக்கிறாள். குரல்தான் வேறு.

சரி, அப்பனாவது எடுத்துச் சொல்லுவார் என்று செல்லை அவரிடம் கொடுத்தால், அவர் சொன்னது என்ன தெரியுமா?

“இரு சீனு. சுரங்கம் அப்படியெல்லாம் சாவாது. தண்ணிய இறைச்சிடுவாங்க. பம்பு எத்தனை போட்டுக்கீறாங்க, அதச் சொல்லு.”

பாஞ்சாலிக்கு வந்த கோபத்தில் செல்லைப் பிடுங்கிச் சுவரில் அடித்திருப்பாள். தவணையில் வாங்கினதாயிற்றே என்று விட்டாள். அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் அதே பேச்சு. தண்ணீர் எவ்வளவு, ஓடையைத் திருப்பிவிட்டார்களா, பம்பு ஓடுகிறதா என்று இவர் கேட்பார். அவனும் பள்ளத்தோரம் போய் நின்று காட்டுவான். அதன்பிறகு ஏரியும் இல்லை, கரடியும் இல்லை. ஹர்கிதா மாவட்டமே அந்த ஒரு பள்ளமாகச் சுருங்கிவிட்டது.

பாஞ்சாலி சும்மா இருக்கவில்லை. சங்கமித்ராவை விட்டுத் தம்பியைத் திட்டச்சொன்னாள். அவள் திட்டினாள், அவன் நெட் சரியில்லை என்று வைத்துவிட்டான். பெரியவர்களிடமே பேசிவிடலாம் என்று மக்தாவை வீடியோவில் கூப்பிடச்சொன்னாள். கூப்பிட்டார்கள். அந்த அம்மாளும் இந்த அம்மாளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நடுவில் மொழிபெயர்க்க யார் இருக்கிறார்கள்? சீனுதான். “அவன அடிச்சு வெரட்டும்மா, உனக்குப் புண்ணியமாப் போவும்” என்று பாஞ்சாலி சொன்னதை அவன் என்னவென்று ஹங்கேரிப் பாஷையில் சொன்னானோ, மக்தா நெஞ்சில் கை வைத்துத் தலை குனிந்து நன்றி சொன்னாள். பாஞ்சாலி தலையில் அடித்துக்கொண்டாள்.

சங்கமித்ரா விடவில்லை. மறுநாள் தம்பிக்குத் தெரியாமல் செல்லில் இருந்த மொழிபெயர்ப்பு ஆப்பில் அம்மா சொன்னதைத் தட்டி மக்தாவுக்கு நேராக அனுப்பினாள். பதில் வந்தது. நான் எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன், அழுதும் சொன்னேன், கேட்கமாட்டேன் என்கிறான், அப்பா வருவார் என்று வாராவாரம் அந்த அறைக் கட்டிலுக்குத் துவைத்த விரிப்பு போடுகிறான், நீங்கள் பெற்றவர்கள், நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்று எழுதியிருந்தாள் அந்த அம்மாள். பாஞ்சாலி நம்பியிருந்த கடைசி ஆளும் பந்தைத் திருப்பி இவள் பக்கமே உருட்டிவிட்டாள்.

ஆகஸ்ட் பாதி தாண்டியது. ஒருநாள் வேலை முடிந்து வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டில் முன்னால் நின்றாள். கோவிந்தப்பா தலையணையை மடியில் வைத்து அதன்மேல் கை ஊன்றி உட்கார்ந்திருந்தார். அப்படி உட்கார்ந்தால்தான் அவருக்கு மூச்சு இறங்கும். அன்றைக்கு அதையெல்லாம் பார்த்து இரங்கும் நிலையில் அவள் இல்லை. ஒன்பது வருஷம் ரயிலில் நின்றதைச் சொன்னாள். கழுவின கக்கூஸைச் சொன்னாள். பட்டறை வைத்தவன், சூப்பர்வைசர் ஆனவன் எல்லாரையும் பேர் சொல்லி எண்ணினாள். பக்கத்து வீட்டில் டி.வி. சத்தத்தைக் குறைத்தார்கள்.

“உன்னோட சேந்து நான் உக்காந்தது போதாதாய்யா? எம்புள்ளையையும் இன்னொரு சுரங்கத்து வாசல்ல உக்கார வெக்கிறியே, உனக்கு நல்லாருக்குதா?”

அவர் மூச்சைச் சேர்த்துக்கொண்டு, தலை நிமிராமல் சொன்னார்.

“அது உப்பு, பாஞ்சாலி. நம்மளுது பாறை. பாறைல தண்ணி நின்னா இறைக்கலாம். உப்புல தண்ணி நின்னா இன்னா ஆவும்னு சோறாக்குற உனக்குத் தெரியாதா?”

பாஞ்சாலிக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். முதல் நாள் அந்த வீடியோவைப் பார்த்தபோதே மனுஷனுக்குத் தெரிந்திருக்கிறது. தூணெல்லாம் கரைகிறது, இனி அதற்குள் யாரும் இறங்கப்போவதில்லை என்று தெரிந்துகொண்டேதான் வாராவாரம் பம்புக் கணக்கு கேட்டிருக்கிறார்.

“தெரிஞ்சேதான் அவன இருன்னு சொன்னியா?”

“தொறக்கும் தொறக்கும்னு சொல்லினு இருந்தா மூச்சு கொஞ்சம் வருது” என்றார் கோவிந்தப்பா. சொல்லிவிட்டு அழுதார். அழவும் அவருக்கு மூச்சு போதவில்லை, பாதியில் இருமலாகிவிட்டது. பாஞ்சாலி எழுந்து முதுகைத் தடவிக்கொடுத்தாள். திட்டுவதற்கு எடுத்து வைத்திருந்த வார்த்தையெல்லாம் அவளுக்கு மறந்துபோனது. தங்கவயலில் உட்கார்ந்திருந்த அந்த ஒன்பது வருஷமும் இந்த மனுஷன் எதைத் தெரிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாரோ என்று ஒரு கேள்வி வந்தது. அதைக் கேட்க அவளுக்கு மனம் வரவில்லை.

கடைசியில் அவரே சொன்னார், ஞாயிற்றுக்கிழமை நான் அவனைப் போகச்சொல்லிவிடுகிறேன் என்று. எனக்கு இப்போது உடம்பு தேவலை, மாத்திரை மாற்றினதில் மூச்சு நன்றாக வருகிறது, அந்த உப்புச் சுரங்கம் வேண்டாம், நீ பிரஷோவுக்குப் போ என்று சொல்லப்போவதாகச் சொன்னார். சுத்தப் பொய்தான். ஆனால் பாஞ்சாலிக்கு அந்தப் பொய்யைக் கேட்டதும் கால் தரையில் பாவின மாதிரி இருந்தது. ஞாயிறு வர இருந்த இரண்டு நாளும் அவர் அதைத் தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். அவரை அதிகம் பேசவிடாமல் பாஞ்சாலி அக்கம்பக்கத்தாரைக்கூட வாசலோடு அனுப்பினாள்.

ஞாயிறு மதியம் சங்கமித்ராவும் வந்திருந்தாள். கோவிந்தப்பாவுக்கு முகம் துடைத்து, வெள்ளைச் சட்டை போட்டு, மெஷினில் மருந்துப் புகை பிடிக்கவைத்து, சுவரோரம் நேராக உட்காரவைத்தார்கள். போன் அடித்தது. சீனு வழக்கம்போலப் பள்ளத்தோரத்தில் நின்றுகொண்டிருந்தான். இளைத்திருந்தான். பின்னால் மலை, மரம், வெயில் எல்லாம் முன்பு எப்படி இருந்ததோ அப்படியே அழகாக இருந்தது.

“சீனு. நான் சொல்றத நல்லாக் கேளு. எனக்கு இப்ப தேவலடா. மூச்சு நல்லா…”

அவ்வளவுதான் வந்தது. நல்லா என்கிற சொல்லிலேயே நெஞ்சு விசிலடித்தது. அடுத்த சொல்லுக்கு வாயைத் திறந்தார், காற்றுதான் வந்தது. இருமல் பிடித்துக்கொண்டது. நிறுத்த நிறுத்த இன்னும் பிடித்தது. உதடு நீலம் பாரித்து, கண்ணில் தண்ணீர் வழிய, கையால் ஏதோ சொல்லப் பார்த்தார். சங்கமித்ரா மெஷினை எடுக்க ஓடினாள். பொய் சொல்வதற்குக்கூட மனுஷனுக்கு இரண்டு வாக்கியத்துக்கு மூச்சு வேண்டும். அது அவரிடம் இல்லை.

“பேசாதப்பா. நீ பேசாத” என்று அந்தப் பக்கத்திலிருந்து சீனு கத்தினான். “நான் எங்கயும் போவல. தொறந்ததும் உன்ன இட்டாந்துடுவேன். கொஞ்சம் பொறுத்துக்கோப்பா.”

பாஞ்சாலி செல்லை வாங்கிக்கொண்டு சமையல் தடுப்புக்குப் பின்னால் போனாள். இனி மறைக்க என்ன இருக்கிறது. அது உப்புடா, தண்ணீர் பட்ட உப்பு என்ன ஆகும், அது திறக்காது, இனி யாரும் அதைத் திறக்க முடியாது, உங்கப்பாவுக்கே தெரியும், உனக்குக் கை கொடுக்கிறவன் காத்துக்கொண்டிருக்கிறான், போய்ச் சேர் என்று ஒரே மூச்சில் சொன்னாள். பெற்றவள் காலில் விழுகிறேன் என்றும் சொன்னாள்.

செல் சீனுவின் கையில் தாழ்ந்து, அவன் ஷூவும் புல்லும் தெரிந்தது. அப்புறம் முகத்துக்கு நேராகத் தூக்கினான்.

“அப்போ அப்பாவ நான் எங்கம்மா இட்டுனு போவேன்?” என்றான்.

பாஞ்சாலிக்கு நெஞ்சு ஆஸ்பத்திரி தெரியும், மருந்துக் கடை தெரியும், சந்து முனை தெரியும். இவற்றைத் தாண்டி அந்த மனுஷனை அழைத்துப்போக இந்த பெங்களூரில், இந்த உலகத்தில் ஒரு இடம் அவளுக்குத் தெரியவில்லை. செல்லைப் பிடித்தபடி நின்றாள். அவனும் நின்றான். பிறகு அவனே வைத்துவிட்டான்.

ஆகஸ்ட் முடிந்தது. பிரஷோவில் அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டதாக மக்தா ஆப்பில் எழுதி அனுப்பினாள். சங்கமித்ரா அதைப் படித்துக் காட்டிவிட்டு, பஸ் பிடிக்கவேண்டும் என்று கிளம்பிப் போனாள். பாஞ்சாலி அரிசி களைய உட்கார்ந்தாள்.

கட்டிலில் தலையணை மேல் கை ஊன்றியிருந்த கோவிந்தப்பா, வெகுநேரம் மூச்சோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவர், மெல்லக் கேட்டார்.

“தண்ணி எவ்ளோ கீதாம்?”

பாஞ்சாலி கையை நிறுத்தினாள். அது திறக்காது என்று அவருக்கும் தெரியும். அவளுக்குத் தெரியும் என்பதும் அவருக்குத் தெரியும். திரும்பிப் பார்த்தால் பதில் சொல்ல முடியாது என்று பானைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கொறைஞ்சிருக்காம்” என்றாள். “பெரிய பம்பு கொண்டாந்துக்கீறாங்களாம்.”

கோவிந்தப்பா தலையை ஆட்டினார். அவர் நெஞ்சு ஒருமுறை முழுசாக இறங்கி ஏறுகிற சத்தம் அவளுக்குக் கேட்டது.